ரிகர்சல் அண்ணையும் போர்த்தோவில் ஒரு பகலும்

பாரிஸ் மாநகரத்தில் ஒத்திகை பார்க்காமல் ஒரு தும்மலைக்கூட வெளியே விடாத மனிதர் ஒருவர் இருந்தாரென்றால், அவர் லா சப்பல் பகுதியின் ரிகர்சல் அண்ணைதான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வதிவிட அட்டையில் அது இருந்தது. ஆனால் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரைத் தவிர மற்ற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி ரூ காய் தெரு முழுவதும் நடந்தாலும் நம்மவர் கடைகள் அப்போது ஐந்துதான். இரண்டு பக்கமும் எண்ணித்தான் சொல்கிறேன். நடுக்கடையின் வாசலில், அரிசிச் சாக்குகளுக்கும் வெங்காயப் பெட்டிகளுக்கும் இடையில், மாலை நேரங்களில் அண்ணை நிற்பார். ஐம்பது வயது, முன்பல் ஒன்று இல்லை, கழுத்தில் ஒரு விசில். பகலில் ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவுவார். மிச்ச நேரமெல்லாம் பொதுச்சேவை.

சேவை இதுதான். யாராவது ஒரு காரியத்தை முதன்முதலாகச் செய்யப் போகிறார்களென்றால், அண்ணை அதை அவர்களோடு ஒருமுறை முன்கூட்டியே செய்து பார்ப்பார். வதிவிட அட்டைக்குப் போகிறவனென்றால் அண்ணை ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அதிகாரி ஆகிவிடுவார். தலை நிமிரமாட்டார். அரை மணித்தியாலம் நிற்கவைப்பார். வாயைத் திறக்கப் போகும்போது, "சாப்பாட்டு நேரம். நாளைக்கு வாங்கோ" என்று கையால் விரட்டுவார். அடுத்த நாள் உண்மையான அலுவலகத்துக்குப் போய் வந்த ஒருவன் அவரிடம் வந்து, "அண்ணை, உங்களோடை பாக்கேக்கை அந்த மனுசன் தங்கம்" என்றான். அதைத் தனக்குக் கிடைத்த பட்டமாக அண்ணை பல மாதங்கள் சொல்லித் திரிந்தார்.

புறநகர் திரான்சியில் ஒரு பெடியனின் மனைவிக்குப் பிள்ளை பிறக்கும் நாள் நெருங்கியபோது, அவனையும் அண்ணை தயார்ப்படுத்தினார். மனைவிக்குப் பதிலாக ஓர் அரிசிச் சாக்கு. விசில் அடித்ததும் அவன் சாக்கைத் தூக்கி மாடியால் இறங்கி, தெருமுனையில் நிற்கும் காருக்கு ஓடவேண்டும். இப்படி ஆறு தடவை. உண்மையான வலி வந்த அன்று அவன் பாய்ந்து எழுந்தான், மூலையில் இருந்த அரிசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான், காரில் ஏற்றினான், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினான். மனைவி பக்கத்து வீட்டுக்காரியோடு பின்னால் வந்து சேர்ந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். எல்லோரும் அண்ணையைப் பிடித்து ஏசினோம்.

"நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தானோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ முதல்!" என்றார் அண்ணை.

இப்படிப்பட்ட மனிதரிடம் என் அக்காவின் மகள் வனிதாவின் வாழ்க்கையை நானே கொண்டுபோய் ஒப்படைத்தேன்.

வனிதாவின் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில். அவள் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு ஒரு தையல் பட்டறையில் வேலை செய்தாள். ஊரிலிருந்து மாப்பிள்ளைப் படங்கள் வந்தன. நான்கு படங்களையும் பார்த்துவிட்டு நான்கையும் வேண்டாமென்றாள். ஐந்தாவது படம் தவராசா என்றவருடையது. ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் இரண்டாவது சமையல்காரர். பிரான்சுக்குள் வர அவருக்கு வீசா இல்லை. ஆனால் ஜூன் மாதத்தில் அவருடைய கப்பல் தக்கை ஏற்றுவதற்காகப் போர்த்துக்கல் நாட்டின் போர்த்தோ நகரத் துறைமுகத்துக்கு வருகிறது. ஒரே ஒரு பகல் நிற்கும். காலையில் இறங்கலாம், மாலை ஏழு மணிக்கு ஏறிவிட வேண்டும். அதன் பிறகு கப்பல் எந்தக் கடலில் இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

"மாமா, நான் போய்ப் பாக்கிறன்" என்றாள் வனிதா.

"பொம்பிளை போய் மாப்பிளை பாக்கிறதோ? ஊர் சிரிக்கும்."

"ஊர் இஞ்சை இல்லை மாமா. இஞ்சை ரூ காய்தான் கிடக்கு."

"அதுவும் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அஞ்சு கடைதானே." பிறகு பகிடியை விட்டுவிட்டுச் சொன்னாள்: "படத்திலை எல்லாரும் நல்லவங்கள்தான் மாமா. ஒரு முழுப் பகல் பக்கத்திலை இருந்து பாக்கவேணும். பிடிச்சால் ஓம். பிடிக்காட்டி இல்லை. அந்தாள் திரும்பிக் கடலுக்குப் போட்டுதெண்டால் நான் எங்கை போய்த் தேடுறது?"

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. தெரியாத நாடு, தெரியாத மொழி, தெரியாத ஆள், ஒரே பகல். கப்பல் பிந்தினால்? மழை பெய்தால்? அவள் ஓம் என்று சொல்லிவிட்டால்? அதைவிட, இல்லை என்று சொல்லிவிட்டால் அக்காவுக்கு யார் கடிதம் எழுதுவது? விடிந்ததும் அண்ணையிடம் ஓடினேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "அந்த ஊரிலை ஆறு கிடக்கோ?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஆள் எங்கள் கட்டடத்துக் காவல்காரி மதாம் பெர்னாந்தா. போர்த்தோவில் பிறந்தவர். அவர் குப்பைத் தொட்டிகளை வாசலுக்கு இழுக்கும்போது அண்ணை மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார், நான் மொழிபெயர்த்தேன். ஆறு உண்டு. ஆற்றின் மேல் மிக உயரமான இரும்புப் பாலம் உண்டு. நகரம் முழுவதும் ஏற்றமும் இறக்கமும் படிகளும். நீல ஓடு பதித்த தேவாலயம். ஒரு பெரிய கோபுரம். ஆற்றங்கரையில் மதாமின் தங்கை ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள், அவசரப்படாதீர்கள், பாலத்தை மேல்தட்டால் நடந்தே கடவுங்கள் என்றார் மதாம்.

"அங்கை என்ன சாப்பிடுவினமெண்டு கேளுங்கோ மாஸ்டர்."

ஊரில் நான் கணக்குப் படிப்பித்தவன் என்பதால் எல்லோருக்கும் நான் மாஸ்டர்தான். கேட்டேன். "உப்புப் போட்டுக் காயவைத்த மீனாம்."

"கருவாடோ?" அண்ணை தொட்டியைக் கீழே விட்டார். "பிறகென்ன மாஸ்டர்! கருவாடு தின்னுற சனம் எங்களைக் கைவிடாது."

"மொழி?"

"மொழிக்கென்ன? அலுமாரி, சாவி, மேசை, கதிரை, கோப்பை, பாண், சப்பாத்து, குசினி, தவறணை. எல்லாம் போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்துக்கு வந்து குடுத்திட்டுப் போன சொல்லு. நாங்கள் பத்திரமா வைச்சிருந்தனாங்கள். இப்ப திருப்பிக் குடுத்தால் காணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. போர்த்தோவின் ஆறாக சென் மார்த்தான் கால்வாய் நியமிக்கப்பட்டது. அதன் மேலுள்ள சின்ன இரும்புப் பாலம், பெரிய இரும்புப் பாலம் ஆனது. படிகளுக்கு மோன்மார்த்ர் குன்று. சாப்பாட்டுப் பையோடு நானும் வனிதாவும் அந்தப் படிகளில் மூன்று தடவை ஏறி இறங்கினோம். நாலாவது தடவை என் முழங்கால் மறுத்துவிட்டது. "போர்த்தோவிலை முழங்காலுக்கு லீவு இல்லை மாஸ்டர்!" என்று விசில் அடித்தார். மொத்தம் ஒன்பது இடங்கள். தேவாலயத்துக்கு இவ்வளவு நேரம், கோபுரத்துக்கு இவ்வளவு நேரம், பாலத்துக்கு இவ்வளவு நேரம்.

மாப்பிள்ளை வேடம் அண்ணைக்குத்தான். கால்வாய்க் கரை மரவாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து வனிதா நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். கேட்டாள்.

"கலியாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போகலாமோ?"

"அது முழுக்க முழுக்க உங்கடை விருப்பம். நான் ஒருநாளும் தடுக்கமாட்டன்."

"கப்பல் வேலையை எப்ப விடுவியள்?"

"பாரிசிலை கால் வைச்ச அண்டைக்கே விட்டிடுவன்."

"குடிப்பியளோ?"

"கிழமைக்கு ஒருக்கா. அதுவும் ஆரும் வருத்திக் கேட்டால் மட்டும்."

"எத்தினை பிள்ளையள் வேணும்?"

"கடவுள் தந்தால் ரெண்டு. கூடினாலும் குறை சொல்லமாட்டன்."

முன்பல் இல்லாத வாயிலிருந்து அவ்வளவு அழகாக வந்தது. வனிதா என் பக்கம் திரும்பி, "மாமா, இந்த மாப்பிளையையே பேசி முடியுங்கோவன்" என்றாள். அண்ணை வெட்கத்தில் விசிலை விழுங்கப் பார்த்தார்.

அதற்கடுத்த ஞாயிறு என் வாழ்க்கையில் மறக்க முடியாத முட்டாள்தனம் என்று அன்று நினைத்தேன். காத்திருப்பதற்கு ஒத்திகை. "கப்பல் எண்டால் பிந்தும். காத்திருக்கத் தெரியாத சனம் சண்டை பிடிக்கும், சண்டை பிடிச்ச முகத்தோடை மாப்பிளை பாக்கேலாது." கார் து நோர் நிலையத்தின் வாங்கில் காலையிலிருந்து பின்னேரம் வரை மூவரும் உட்கார்ந்திருந்தோம், யாருக்காகவும் இல்லாமல். ரயில் வந்தபோதெல்லாம் அண்ணை எழுந்து கைலேஞ்சியால் வியர்வை துடைத்து, "இல்லை, இதிலை வரேல்லை" என்று சொல்லிவிட்டு உட்காருவார். ஒரு பிரெஞ்சுக் கிழவி பரிதாபப்பட்டு எங்களுக்கு ஒரு பிஸ்கட் பெட்டி கொடுத்துவிட்டுப் போனாள்.

கடைசி ஒத்திகை, வனிதா இல்லை என்று சொன்னால் என்ன செய்வது என்பதற்கு. அவளை வெளியே அனுப்பிவிட்டு எனக்கு மட்டும் எடுத்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கவேண்டும், கண்ணைப் பார்க்கவேண்டும், "கப்பல் சுகமாப் போகட்டும் தம்பி" என்று சொல்லித் திரும்பி நடக்கவேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. நான் பன்னிரண்டு முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

மதாமின் மச்சான் ஒருவர் போர்த்துக்கீசத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஓட்டுகிறவர். அதில்தான் போனோம். பயணப் பத்திரங்கள் பையில் இருக்கின்றனவா என்று நான் எத்தனை தடவை தடவிப் பார்த்தேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. பஸ்ஸிலிருந்த தொழிலாளர்கள் எல்லோரும் நாங்கள் போகும் காரணத்தைக் கேட்டறிந்து, வனிதாவுக்கு ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். அவர்கள் மொழியில் சொன்னதால் அவளுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

துறைமுகம் நகரத்துக்குச் சற்று வெளியே, கடல் ஓரத்தில். காலையில் போய் நின்றால் கடலையே காணவில்லை. எங்கும் மூடுபனிப் புகார். வாசலில் நின்ற காவலாளி கையை விரித்தான். கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, புகார் விலகினால்தான் உள்ளே வரும்.

எங்களைப் போலவே வேறு கப்பல்களுக்குக் காத்திருந்தவர்கள் அரை மணியில் முணுமுணுத்தார்கள், ஒரு மணியில் கத்தினார்கள். ஒரு மனிதர் தன் தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறிந்தார். அண்ணையோ இரண்டு கைகளையும் உரசிக்கொண்டார்.

"பாத்தியளோ மாஸ்டர்? கார் து நோர்!"

சேலைத் துண்டு விரித்தார். இடியப்பமும் சம்பலும் வெளியே வந்தன, கடதாசிக் கட்டு வந்தது. நாங்கள் மூவரும் பயிற்சி பெற்றவர்கள். சீட்டு விளையாடினோம், சாப்பிட்டோம், முறை வைத்துக் கண்ணயர்ந்தோம். தொப்பி எறிந்தவர் வந்து எங்களோடு உட்கார்ந்தார். காவலாளிக்கு அண்ணை இரண்டு உளுந்து வடை கொடுத்தார். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாயினால்தான். ஆனாலும் மூன்றாவதையும் கேட்டு வாங்கினான், அதற்குப் பிறகு கப்பல் செய்தியைத் தானாகவே தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் சொன்னான். நண்பகலுக்குப் புகார் கிழிந்தது. கப்பல் உள்ளே வந்தது. அந்தத் துறைமுகத்திலே அன்று சிரித்த முகத்தோடு நின்ற ஆட்கள் நாங்கள் மட்டும்தான்.

மாப்பிள்ளை இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. மெலிந்த, கறுத்த, நெடிய ஆள். வெள்ளைச் சட்டை பெட்டி போட்டுத் தேய்த்திருந்தது. "வணக்கம்" என்றார். அண்ணை கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒன்பது இடம் கிடக்கு தம்பி, ஓடிவாங்கோ" என்றார்.

ஆற்றோரமாக நகரத்துக்குள் போகும் டிராம் வண்டியில் ஏறினோம். நான்கு வளைவுகூடத் தாண்டவில்லை, மாப்பிள்ளையின் முகம் பச்சையானது. வனிதாவுக்குப் பயணத்தில் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரலாமென்று அண்ணை கொண்டுவந்த தேசிக்காயை அவள் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்கள் கப்பல்காரர் எல்லோ?"

"கப்பல் ஆடினால் எனக்குப் பழக்கம்" என்றார் அவர் தேசிக்காயை மணந்துகொண்டு. "இது ஆடாமல் போகுது. அதுதான் ஒத்துவரேல்லை."

வனிதா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று எனக்கு விளங்கவில்லை.

டிராமை விட்டு இறங்கியதும் அண்ணை அப்படியே நின்றுவிட்டார். ஆற்றை முறைத்தார்.

"மாஸ்டர், ஆறு பிழையான பக்கத்திலை கிடக்கு."

உண்மைதான். கால்வாய் எங்களுக்கு இடப்பக்கம் இருந்தது. இந்த ஆறோ வலப்பக்கம். ஒன்பது இடங்களும், திரும்பவேண்டிய முனைகளும், ஆறு இடப்பக்கம் என்ற கணக்கில் மனப்பாடம். அண்ணை ஒரு கணம்தான் யோசித்தார். விசில் அடித்தார். "எல்லாரும் திரும்புங்கோ!" திரும்பினோம். ஆறு இடப்பக்கம் வந்தது. மிகத் திருப்தியோடு நடந்தோம். வீடுகள் குறைந்துகொண்டே போயின. கடற்பறவைகள் கூடிக்கொண்டே வந்தன.

"அண்ணை" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. வணக்கத்துக்குப் பிறகு அவர் அன்று தானாகப் பேசிய முதற்பேச்சு அதுதான். "இது என்ரை கப்பலுக்குப் போற பாதை."

பிறகு நடந்தது ஓட்டம். நீல ஓட்டுத் தேவாலயத்தின் முன்னால், "நீலம்! பாத்தாச்சு!" கோபுரத்தின் கீழே, "மேலை ஏறினதா நினைச்சுக்கொள்ளுங்கோ!" ஒரு பழைய சந்தில், உடுப்புக் காயப்போட்டிருந்த சன்னல்களுக்குக் கீழே, படிகளில் பாய்ந்து இறங்கினோம். மூன்றாவது இடத்தில் வனிதா ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணை, காணும். நாங்கள் ஊர் பாக்க வரேல்லை. ஆள் பாக்க வந்தனாங்கள். இன்னும் நான் இவரின்ரை முதுகைத்தான் பாத்தனான்."

அண்ணையின் கையிலிருந்த விசில் தொங்கிப்போனது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாவம், மாதக்கணக்கில் கட்டிய நகரம். ஆனால் இரண்டு மூச்சுக்குள் நிமிர்ந்தார். "சரி பிள்ளை. தவறணை!"

மதாமின் தங்கை கடை ஆற்றங்கரையில் இருந்தது. அண்ணை வாசலில் நின்று, மேடையில் நிற்கிறவரைப் போல, ஒவ்வொரு சொல்லாக அறிவித்தார்:

"மேசை! கதிரை! கோப்பை! பாண்!"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு ஒரு மேசையை இழுத்து, கதிரைகளைப் போட்டு, கோப்பைகளை அடுக்கி, கூடை நிறையப் பாண் கொண்டுவந்து வைத்தார். அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் நானூறு வருடத்துப் பெருமை இருந்தது. கடைசியில் அந்த அம்மா கருவாட்டைப் பிசைந்து பொரித்த உருண்டைகளைக் கொண்டுவந்தார். நம்முடைய கட்லற்றேதான். பதினேழு சாப்பிட்டோம், அதில் ஒன்பது அண்ணை.

வனிதாவும் மாப்பிள்ளையும் ஒரு மேசையில். நானும் அண்ணையும் அடுத்த மேசையில், அவர்களுக்கு முதுகு காட்டி, காதுகளை மட்டும் பின்னால் விட்டுவிட்டு. கடைக்கார அம்மா அவர்களுக்கு முன்னால் அந்த ஊர்த் திராட்சை மதுவை இரண்டு சின்னக் கிண்ணங்களில் வைத்தார். அதைப் பார்த்ததும் வனிதா ஒத்திகை வரிசையை விட்டு, இயற்கையாக மூன்றாவது கேள்வியை முதலாவதாகக் கேட்டாள்.

"நீங்கள் குடிப்பியளோ?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அது முழுக்க முழுக்க உங்கடை விருப்பம். நான் ஒருநாளும் தடுக்கமாட்டன்."

என் பக்கத்தில் அண்ணையின் கோப்பை மேசையில் தட்டுப்பட்டது. வனிதா ஒரு பாண் துண்டைப் பிய்த்தாள். பிறகு கேட்டாள்:

"எத்தினை பிள்ளையள் வேணும்?"

"பாரிசிலை கால் வைச்ச அண்டைக்கே விட்டிடுவன்."

"கலியாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகலாமோ?"

"கிழமைக்கு ஒருக்கா. அதுவும் ஆரும் வருத்திக் கேட்டால் மட்டும்."

"சரி. கப்பல் வேலையை எப்ப விடுவியள்?"

ஏதோ தவறு நடக்கிறது என்று மாப்பிள்ளைக்கே விளங்கிவிட்டது, ஆனால் நிறுத்த முடியவில்லை. "கடவுள் தந்தால் ரெண்டு" என்றார். "கூடினாலும் குறை சொல்லமாட்டன்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை ஆற்றைப் பார்த்தார்.

"கசெற் அனுப்பினனான் மாஸ்டர்" என்று வாய்க்குள் சொன்னார். "அந்தப் பெடியனுக்கும் ஆரும் ரிகர்சல் எடுக்கவேணுமெல்லே? கேள்வியளை முன்பக்கத்திலையும் மறுமொழியளைப் பின்பக்கத்திலையும் பதிஞ்சு, கப்பல் நிக்கிற துறைமுகத்துக்கு அனுப்பினனான். இவள் வரிசையை மாத்துவாளெண்டு ஆர் கண்டது?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அக்காவுக்கு எழுதவேண்டிய கடிதத்தின் முதல் வரி மனதில் ஓடத் தொடங்கிவிட்டது.

பின்னால் வனிதா கேட்டாள், மெதுவாக: "இது உங்கடை மறுமொழியோ, அங்காலை முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறவரின்ரை மறுமொழியோ?"

ஆற்றில் ஒரு படகு போனது.

"அவரின்ரை" என்றார் மாப்பிள்ளை. "கசெற்றிலை வந்தது. ரெண்டு மாசமாப் பாடமாக்கினனான். உருளைக்கிழங்கு உரிக்கேக்கையும் குசினியிலை போட்டுவிடுவன். எனக்கு ஆக்களோடை கதைச்சுப் பழக்கமில்லை. பிழையா ஏதும் சொல்லிப்போட்டால் நீங்கள் எழும்பிப் போயிடுவியள் எண்டு பயம்."

"இப்ப எல்லாம் பிழையாத்தானே சொன்னியள்?"

"ஓம்."

"நான் எழும்பிப் போனனானோ?"

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் சிரிப்பு மட்டும் கேட்டது. தையல் பட்டறையில் வேலை செய்து களைத்து வரும் அந்தப் பிள்ளை அவ்வளவு உரக்கச் சிரிக்கக்கூடியவள் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவரும் சிரித்தார். கடைக்கார அம்மாவும், ஒன்றும் விளங்காமலே, குசினிக்குள்ளிருந்து சிரித்தார்.

மதுக்கிண்ணங்கள் தொடப்படாமல் இருந்தன. அவர்கள் எழுந்து எங்களிடம் வந்து, "நாங்கள் பாலத்தைக் கடந்திட்டு வாறம்" என்றார்கள். நானும் எழுந்தேன். அண்ணை என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். இருவரும் படிகளால் ஏறிப்போய், பாலத்தின் மேல்தட்டில் இரண்டு புள்ளிகளானார்கள். நடுப்பாலத்தில் புள்ளிகள் நின்றன. என்ன கதைக்கிறார்கள்? காற்று அடிக்குமே? கைப்பிடிக் கம்பி உயரமா? நான் பத்துத் தடவை எழுந்து பத்துத் தடவை உட்கார்ந்தேன். அண்ணை மட்டும் அசையாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேர வெயில் ஆற்றில் விழுந்து, எதிர்க்கரை ஓடுகளெல்லாம் சிவந்திருந்தன. அவர் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஏழு மணிக்குச் சற்று முன் துறைமுக வாசல். நான் கைகளைத் துடைத்துக்கொண்டு ஆயத்தமாக நின்றேன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, "கப்பல் சுகமா..." என்று தொடங்கிவிட்டேன்.

"மாமா, பொறுங்கோ" என்றாள் வனிதா. மாப்பிள்ளையைப் பார்த்தாள். "ஓம்" என்றாள்.

மாப்பிள்ளை வாயைத் திறந்து மூடினார். "இதுக்கு என்ன மறுமொழி எண்டு கசெற்றிலை இல்லை" என்றார்.

"அண்ணை, இப்ப நாங்கள் என்ன செய்யவேணும்?" என்று கேட்டேன்.

ரிகர்சல் அண்ணை முதல் முறையாக என்னிடம் சொன்னார்: "தெரியாது மாஸ்டர். ஓமெண்டு சொல்லுவாளெண்டு நான் நினைக்கேல்லை."

அப்போது கப்பலின் மேல்தட்டில் ஆரவாரம். சமையல்காரரின் கூட்டாளிகள் வரிசையாகக் கம்பியில் சாய்ந்து நின்றார்கள். பிலிப்பைன்ஸ்காரர், கிரேக்கர், எகிப்தியர். ஒரு தடியன் கையைத் தூக்கிக்காட்டிக் கேட்டான்: ஆமா, இல்லையா? மாப்பிள்ளை இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவ்வளவுதான். இரண்டு மாதமாகக் குசினியில் ஓடிய கசெற்றை அந்தக் கப்பலே பாடமாக்கியிருந்தது. பதினான்கு மாலுமிகள், தமிழ் எழுத்து ஒன்றும் அறியாதவர்கள், அண்ணையின் அதே இழுவையில், முன்பல் இல்லாத அதே சீறலோடு, துறைமுகம் அதிரக் கத்தினார்கள்:

"கடவுள் தந்தால் ரெண்டு! கூடினாலும் குறை சொல்லமாட்டன்!"

காவலாளி தொப்பியைத் தூக்கி எறிந்தான். கப்பல் ஊதியது. கப்பலின் ஏணியை எடுக்கும் கடைசி நிமிடத்தில் மாப்பிள்ளை ஏறினார். அண்ணை விசிலை வாயில் வைத்தார், காற்றுத்தான் வந்தது.

அடுத்த ஆண்டு தவராசா பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். கப்பல் வேலையை விட்டார். இப்போது அவரும் வனிதாவும் திரான்சியில் இருக்கிறார்கள். பிள்ளைகள் மூன்று.

அன்று போர்த்தோவிலிருந்து திரும்பிய பஸ்ஸில் வனிதா முன்னிருக்கையில் சன்னலோரம். அண்ணை என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதிலை அஞ்சு இடம் விட்டுப்போச்சு மாஸ்டர். ஆறும் பிழைச்சுப்போச்சு. கோபுரத்துக்குள்ளை போகவே இல்லை. உதெல்லாம் ஒரு நாளே?"

"அருமையான நாள் அண்ணை."

"நீங்கள் சும்மா சொல்லுறியள்."

ஸ்பெயினைக் கடந்து பிரெஞ்சு எல்லையைத் தாண்டும்போது விடிந்துகொண்டிருந்தது. அவர் அசந்து தூங்கி என் தோளில் சாய்ந்தார். கனத்த தலை, வாயும் திறந்திருந்தது. என் இடது கை முதலில் கூசியது, பிறகு மரத்தது, பிறகு இருக்கிறதோ இல்லையோ என்றே தெரியவில்லை. பாரிஸ் வந்து சேரும்வரை நான் அதை அசைக்கவில்லை.